பச்சைக் கோட்டின் மறுபாதி

"நான் கோடு போட்டேன்."

முதலில் சோதனை அதிகாரியின் வாயிலிருந்து வந்தது அந்த ஒரே பேச்சுதான். வாகனத் தகுதிச் சோதனை நிலையத்தில் பல வருஷமாகக் குப்பை கொட்டியவர். இப்போது வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். கல்லெறியில் உடைந்த ஜன்னலை அட்டை ஒட்டி மறைத்திருந்த முன்னறையில், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பாடம் மறந்த பிள்ளை மாதிரி அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ன கோடு சார்?" என்றான் கியர்.

"பிரேக் டிஸ்க்கை முன் சக்கரத்தோட சேர்த்துப் பிடிக்கிற போல்ட் இருக்கில்ல? ஒவ்வொரு போல்ட் தலையிலயும் ஆரம்பிச்சு, டிஸ்க் மேல வந்து முடியற மாதிரி பச்சை பெயிண்ட்டால ஒரு கோடு இழுப்பேன். நான் பார்த்து பாஸ் பண்ணின வண்டிக்கு அதான் அடையாளம். போலீஸ்ல சொன்னேன். டிஸ்க்ல ஒரு கோடும் காணோமேன்னு சிரிக்கறாங்க."

உள்ளறைக் கதவோரமாக அவருடைய மகள் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தாள். பள்ளிக்கூடம் போகிற வயசு. பள்ளிக்கூடம் நடக்கிற நேரம்.

வெளியே வந்து காரைக் கிளப்பியதும் கியருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவன் அவன். கற்றுக்கொள்ள வந்தவர்களைக் கிண்டல் பண்ணியே வேலையைப் பறிகொடுத்தான். கியர் என்ற பட்டப்பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது. பக்கத்து சீட்டில் இருந்த சர்வேயரம்மாவும் அந்த ரகம்தான். விபத்தில் அடிபட்ட வண்டிகளை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பார்த்துக் கணக்குச் சொன்னவர். ஓய்வு பெற்றுத் துப்பறியும் அலுவலகம் திறந்த பிறகும் யாரும் அவரை வேறு பெயரில் கூப்பிடுவதில்லை.

"மேடம், நம்மளை வேலைக்கு வெச்சது டீச்சர். அவங்களுக்கு இந்த மனுஷன் கம்பி எண்ணணும். நீங்க என்னடான்னா இவர் வீட்டுக்கே வந்து நலம் விசாரிக்கிறீங்க."

"தன் தம்பி எப்படிச் செத்தான்னுதான் டீச்சர் கண்டுபிடிக்கச் சொன்னாங்க. யாரைத் தூக்கில போடணும்னு முடிவு பண்ணச் சொல்லலை."



விஷயம் ஊருக்கே தெரிந்ததுதான். தாய் போன பிறகு டீச்சர் கையிலேயே வளர்ந்தவன் அந்தத் தம்பி. போன மாதம் ஒரு காலையில், லேசான தூறலில், நீளமான இறக்கத்தில் பைக்கில் இறங்கி வந்தான். பிரேக் பிடித்தான். வண்டி நிற்கவில்லை. சிக்னலில் நின்றிருந்த லாரியின் பின்னால் போய்ச் செருகியது. சட்டைப் பையில் முந்தின நாள் வாங்கிய தகுதிச் சான்று, மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது. போலீஸ் மெக்கானிக் டிஸ்க்கை அளந்து பார்த்தார். ஓடவே கூடாத அளவுக்குத் தேய்ந்து மெலிந்திருந்தது. இதை எவன் பாஸ் பண்ணினான் என்று அவர் கேட்ட கேள்வி, அன்று மத்தியானமே கூட்டமாக மாறி அதிகாரியின் ஜன்னலை உடைத்தது. அந்தக் கூட்டத்தில் டீச்சரின் கணவரும் நின்றார்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால், பிடிபட்டதும் அடிபட்டதுமாக வண்டிகள் புல் முளைத்துக் கிடந்தன.

"இதுல சில வண்டிக்கு ஓட்டுப் போடற வயசே வந்துடுச்சு மேடம்," என்றான் கியர்.

சர்வேயரம்மா காதில் வாங்கவில்லை. முன்பக்கம் நசுங்கிய பைக்குக்கு எதிரே பழைய பேப்பரை விரித்து, முட்டி வலியோடு மெல்ல உட்கார்ந்தார். கூட வந்த கான்ஸ்டபிள் கொட்டாவி விட்டார்.

"கியர், இந்த டிஸ்க்கை விரலால தடவு."

தடவினான். சக்கரத்தோடு சுற்றுகிற அந்த வட்டத் தகடு முழுக்க வாய்க்கால் வெட்டியது மாதிரி வரி வரியாகக் குழி.

"உழுது போட்ட மாதிரி இருக்கு."

"இப்ப இந்த பேடைத் தடவு." தகட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற பிரேக் பேடைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார்.

"வழவழன்னு இருக்கு. புதுசு. லேசா ரெண்டு மூணு கீறல், அவ்வளவுதான்."

"ஆனா மேல்தோல் தேஞ்சிருக்கா?"

"தேஞ்சிருக்கு. சமமாத் தேஞ்சிருக்கு."

"மேடும் பள்ளமுமா இருக்கிற தகட்டோட உரசினது எப்படிடா சமமாத் தேயும்?"

கியர் பேடையும் டிஸ்க்கையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்போ இதுங்க ரெண்டும் குடும்பம் நடத்தினதே இல்லை. இந்த பேட் வேற எங்கேயோ ஒரு நல்ல டிஸ்க்கோட வாழ்ந்திருக்கு. கடைசி நேரத்துல இதுகிட்ட வந்து மாட்டியிருக்கு."

"உன் வாய் கோணலா இருந்தாலும் விஷயம் நேராத்தான் இருக்கு." கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, போல்ட்டுகளின் மேல் காய்ந்திருந்த சேற்றை ஒவ்வொன்றாகத் துடைத்தார். "இப்ப இங்க பாரு."

போல்ட் தலைகளில் பச்சை நிறம் தெரிந்தது. மெல்லிய கோடு. நடுவில் ஆரம்பித்து விளிம்பு வரை வந்து, அங்கேயே வெட்டினாற்போல நின்றது. டிஸ்க்கின் மேல் அதன் தொடர்ச்சி இல்லை. எல்லா போல்ட்டிலும் அதே கதை.

கான்ஸ்டபிள் குனிந்து பார்த்தார். "மழையில அழிஞ்சிருக்கும்மா."

"போல்ட்டை விட்டுட்டு டிஸ்க்கை மட்டும் கழுவற மழையை நான் பார்த்ததில்லை தம்பி," என்று சொல்லி எழுந்தார் சர்வேயரம்மா. "அதிகாரி கோடு போட்டது நிஜம். போட்டது இந்த டிஸ்க் மேல இல்லை. பாதிக் கோடு இங்க இருக்கு. மறுபாதி ஏதோ ஒரு நல்ல டிஸ்க் மேல ஊருக்குள்ள இருக்கு."

"அதாவது, சோதனைக்குன்னு இரவல் சட்டை போட்டுக்கிட்டு வந்திருக்கு வண்டி," என்றான் கியர்.

"ஆமா. அந்தச் சட்டையை யார் திரும்பக் கழட்டிக்கிட்டுப் போனாங்க, அதான் கேள்வி."

சோதனை நிலையத்துக்கு எதிரே ஒரு வரிசை மெக்கானிக் கடைகள் உண்டு. சோதனைக்கு வருகிறவர்களை நம்பியே பிழைக்கிற கடைகள். ஓடாத ஹாரன் உள்ளே போகும்போது ஓடும், வெளியே வந்ததும் ஊமையாகிவிடும். இறந்தவன் கடைசியாக வண்டியை விட்டிருந்தது கடைக்கோடியில் இருந்த கடையில். அதன் மெக்கானிக், கையில் கிரீஸோடு, இவர்களைப் பார்த்ததுமே முகத்தை இறுக்கிக்கொண்டார்.

"கண்ணாடி, ஹாரன், இண்டிகேட்டர்னு வாடகைக்கு விடறீங்களாமே," என்றான் கியர். "பிரேக்கும் உண்டா, இல்லை அது சீஸனுக்குத்தானா?"

"கண்ணாடி கொடுப்பேன். இல்லைன்னு சொல்லலை. பிரேக்ல கை வெக்க மாட்டேன். எனக்கும் பிள்ளைங்க இருக்கு."

சர்வேயரம்மா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அந்தப் பையன் உங்ககிட்ட வந்தானா?"

மெக்கானிக் உள்ளே போய், பிரிக்காத ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். "அவன் ஆர்டர் கொடுத்த டிஸ்க். பழைய மாடல், உடனே கிடைக்காது. வரதுக்கு நாளாகும்னேன். அவனுக்குக் கூரியர் கம்பெனியில வேலை கிடைச்சிருந்தது. தகுதிச் சான்று உடனே வேணும்னாங்களாம். புது பேட் மட்டும் போட்டுக்கிட்டான். இந்த டிஸ்க் வரும்வரைக்கும் வண்டியைத் தொடாதேன்னு சொன்னேன். பெட்டி வந்து சேர்ந்தப்போ அவன் இல்லை. யார்கிட்ட கொடுக்கறதுன்னே தெரியலை."

பெட்டியை மேஜை மேல் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்கக் கிரீஸ் பரவியது.

"டிஸ்க் இல்லாம எப்படிப் பாஸ் பண்ணப் போறேன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். சிரிச்சான். 'கவலைப்படாதீங்கண்ணே, ஒருத்தர் ஒரு நாள் லீவு போட்டா போதும், வண்டி பாஸாயிடும்'னான்."

கியர் விரலைச் சொடுக்கினான். "முடிஞ்சது மேடம். கறாரான அதிகாரி லீவு, கண்டுக்காத அதிகாரி டியூட்டி. நம்ம கோடு போட்ட மனுஷர் கோட்டைத் தாண்டிட்டார்."

சர்வேயரம்மா மெக்கானிக்கைப் பார்த்தார். "பைக்கெல்லாம் யார் யார் பார்ப்பாங்க அங்க?"

"அவர் ஒருத்தர்தான். அவர் லீவுன்னா பைக் எடுத்துக்கவே மாட்டாங்க. திருப்பி அனுப்பிடுவாங்க."

"கேட்டுக்கிட்டியா? அதிகாரி லீவு போட்டா வண்டி பாஸாகாது. அப்ப லீவு போட வேண்டியது வேற யாரோ."

"வேற யார் லீவு போட்டா ஒரு வண்டி பாஸாகும்?"

சர்வேயரம்மா எழுந்து நின்றார். முகத்தில் களை இல்லை. கண்டுபிடித்துவிட்டால் கொஞ்சம் சிரிக்கிற ஆள்தான் அவர். இன்று சிரிக்கவில்லை.

"வண்டி இல்லாம வேலைக்குப் போக முடியாத ஆள்," என்றார்.

மெக்கானிக் பெட்டியை நீட்டினார். "அவங்க அக்காகிட்ட கொடுத்துடறீங்களாம்மா?"

"வேண்டாம். இன்னிக்கு வேண்டாம்."

கார் ஓடும்போது கியருக்கு ஒவ்வொரு துண்டாகப் பொருந்தியது. டீச்சரின் கணவர் மின்சார மீட்டர் கணக்கெடுக்கிறவர். தெருத் தெருவாக பைக்கில் சுற்றினால்தான் அவருக்கு வேலை. மாமாவும் மச்சினனும் ஒரே மாடல் வண்டிதான் வைத்திருந்தார்கள். சேர்ந்து போய் வாங்கியது என்று டீச்சரே முதல் நாள் சொல்லியிருந்தார்.

"மேடம், இதை நாம அவங்ககிட்ட சொல்லியே ஆகணுமா?"

"அதிகாரி வீட்டு ஜன்னல்ல அட்டை ஒட்டியிருந்ததே, பார்த்தியா?"



டீச்சர் அப்போதுதான் பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்தார். தோளில் இருந்து பையைக்கூட இறக்கவில்லை. மீட்டர்காரர் கூடத்தில் டிவியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் அணைத்தார்.

"ஏதாவது கிடைச்சதா மேடம்? அந்த ஆள் ஒத்துக்கிட்டானா?" டீச்சரின் குரலில் அழுகை இல்லை. அதையெல்லாம் அழுது முடித்துவிட்டு, கோபத்தை மட்டும் மிச்சம் வைத்திருந்தார்.

"ஒண்ணு ரெண்டு கேள்விதான் டீச்சர். தம்பி வண்டியைச் சோதனைக்கு எடுத்துட்டுப் போன அன்னிக்கு வீட்ல யாராவது லீவா?"

"நான் ஸ்கூலுக்குப் போயிட்டேன். இவருக்குத் தலைவலின்னு வீட்ல இருந்தார்." சொல்லிவிட்டு டீச்சர் நிமிர்ந்தார். "ஏன்?"

"தம்பி அன்னிக்குச் சாயந்தரம் ஏதாவது சொன்னானா?"

"பாஸாயிடுச்சுன்னான். பிரேக் வெண்ணெய் மாதிரி பிடிக்குதுக்கான்னான். என்னைப் பின்னாடி உட்கார வெச்சுக் கடைத்தெரு வரைக்கும் கூட்டிட்டுப் போய்க் காட்டினான்." டீச்சரின் கை பையின் வாரை இறுக்கிப் பிடித்தது. "நல்லாத்தான் பிடிச்சது. நான் பார்த்தேன். மறுநாள் எப்படி அப்படி ஆச்சுன்னு எனக்கு இன்னும் விளங்கலை."

மீட்டர்காரர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். போனவர் குடிக்காமலே திரும்பி வந்தார்.

"உங்க வண்டி எங்க சார்?" என்றார் சர்வேயரம்மா.

"பக்கவாட்டில நிக்குது," என்றார் டீச்சர், கணவருக்கு முந்திக்கொண்டு. "தம்பி போனதிலேர்ந்து தொடவே மாட்டேங்கறார். பஸ்ல தொங்கிக்கிட்டுப் போறார். வண்டியைப் பார்த்தா அவன் ஞாபகம் வருதாம்."

வீட்டின் பக்கவாட்டில், பழைய போர்வை போட்டு மூடியபடி பைக் நின்றது. போர்வையின் நாலு முனையும் கயிற்றால் கட்டியிருந்தது. சர்வேயரம்மா முன்பக்கத்து முடிச்சை அவிழ்த்தார். கியர் போர்வையைத் தூக்கிப் பிடித்தான்.

டிஸ்க் பளபளவென்று இருந்தது. கீறல் இல்லை, குழி இல்லை. அதைப் பிடித்திருந்த போல்ட்டுகளின் தலை வெறும் கறுப்பு. ஆனால் ஒவ்வொரு போல்ட்டின் விளிம்புக்கு வெளியிலும், டிஸ்க்கின் மேல், துண்டு துண்டாகப் பச்சை நிறத்தில் கோடு.

"கியர், படம் எடு," என்றார் சர்வேயரம்மா. அவனும் எடுத்தான்.

"என்ன பச்சை அது?" என்றார் டீச்சர்.

கணவரைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு மறுபடி கேட்கத் தேவையிருக்கவில்லை. ஆனாலும் கேட்டார். "ஏங்க, என்ன அது?"

மீட்டர்காரர் சுவரோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அவன்தான் கேட்டான். மாமா, ஒரு நாளைக்கு உங்க டிஸ்க்கைக் கொடுங்க, பாஸ் பண்ணிட்டுத் தரேன்னான். உன்கிட்ட சொன்னா நீ திட்டுவியேன்னு சொல்லலை. புது டிஸ்க் வர்ற வரைக்கும் உங்க டிஸ்க் என் வண்டியிலயே இருக்கட்டுமான்னு ராத்திரி கேட்டான். பார்க்கலாம்னேன். காலையில ஆபீஸ்லேர்ந்து கூப்பிட்டு, இன்னிக்கும் வரலைன்னா ஏரியாவை வேற ஆளுக்குக் கொடுத்துடுவோம்னாங்க. அவன் தூங்கிட்டிருந்தான். நானே கழட்டி என் வண்டியில மாட்டிக்கிட்டு, அவனோட பழசை அவன் சக்கரத்துல மாட்டினேன்."

"அவனை எழுப்பலையா?"

"வேலைக்குச் சேர அடுத்த வாரம்தானே வரச் சொல்லியிருந்தாங்க. இன்னிக்கு எங்க போகப் போறான்னு நெனச்சேன். போற வழியில போன் பண்ணிச் சொல்லிடலாம்னு நெனச்சேன். அப்புறம் வேலையில மறந்துட்டேன்."

கியருக்கு மீதிக் கதை தெரியும். கூரியர் கம்பெனி அன்று காலையிலேயே ஆள் பற்றாக்குறை என்று அவனைக் கூப்பிட்டுவிட்டதாக டீச்சர் முதல் நாளே சொல்லியிருந்தார். முந்தின நாள் அக்காவைப் பின்னால் வைத்து ஓட்டிய அதே பிரேக் என்று நம்பித்தான் அவன் இறக்கத்தில் வண்டியை விட்டிருக்கிறான்.

"மறந்தது ஒரு விஷயம்," என்றார் சர்வேயரம்மா. குரலை உயர்த்தவில்லை. "அதுக்கப்புறம் அந்த அதிகாரி வீட்டுக்கு முன்னால போய் நின்னது?"

"ஊரே போச்சு. நான் போகலைன்னா ஏன்னு கேட்பாங்களே மேடம்." அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். "தினம் சொல்லிடணும்னுதான் வீட்டுக்கு வருவேன். இவ முகத்தைப் பார்த்தா வாய் வராது."

கியர் கையில் பிடித்திருந்த போர்வையை என்ன செய்வதென்று தெரியாமல் மடிக்க ஆரம்பித்தான்.

"அந்த அதிகாரிக்கு ஒரு பொண்ணு இருக்கா," என்றார் டீச்சர் கடைசியில். "என் வகுப்புதான். அன்னிலேர்ந்து வரலை. தினம் பேர் கூப்பிடும்போது அவ பேருக்குப் பதில் வராது. வராதபோது எனக்கு உள்ளுக்குள்ள ஒரு திருப்தி. நல்லா வேணும்னு." தோளில் இருந்த பையை இறக்கி, படியில் வைத்தார். "நான் உங்களைக் கூப்பிடாம இருந்திருந்தா மேடம்?"

சர்வேயரம்மா போனை எடுத்து ஸ்டேஷனுக்குப் பேசினார். வண்டியையும் ஆளையும் கொண்டுவரச் சொன்னார்கள்.

"எழுந்திருங்க," என்றார் டீச்சர் கணவரிடம். "வண்டியை எடுங்க. ஓட்ட வேண்டாம். தள்ளிக்கிட்டு வாங்க. ஸ்டேஷன்ல சொல்லுங்க. அப்புறம் அந்த அதிகாரி வீட்டுக்குப் போய் அந்தப் பொண்ணு முன்னாடி சொல்லுங்க. நானும் வரேன்."

அவர் எழுந்தார். ஸ்டாண்டை எடுத்தார். அவர்கள் தெருக்கோடி வரைக்கும் சரிவு. சாயந்தர நேரம், வாசலில் நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். டீச்சர் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், நடுவில் வண்டி. சர்வேயரம்மாவும் கியரும் காரை விட்டுவிட்டுக் கொஞ்சம் பின்னால் நடந்தார்கள்.

பாதிச் சரிவில் வண்டி தன் கனத்தில் தானே முன்னால் உருள ஆரம்பித்தது. மீட்டர்காரரின் கை, யோசிக்காமல், பழக்கத்தில் பிரேக்கை அழுத்தியது. சத்தமில்லை, இழுப்பில்லை. முன் சக்கரம் இருந்த இடத்திலேயே நின்றது.

டீச்சரும் நின்றார். நின்ற சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிரேக்கின் மேல் இருந்த கணவரின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, கைப்பிடியைத் தானே பிடித்துக்கொண்டு, வண்டியைத் தள்ள ஆரம்பித்தார்.